வாங்கில் படுத்தவள்

குடையின் நுனி என் உள்ளங்காலில் குத்தியபோதுதான் விழித்தேன்.

முதலில் குடை தெரிந்தது. பிறகு அதைப் பிடித்திருந்த கை. அதற்கு மேலே எங்கள் சபை மூப்பரின் முகம். எங்கள் வேதக் கோயிலின் மேற்கு யன்னல்கள் வழியே வெயில் சரிந்து தரையில் விழுந்து கிடந்தது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மணமும் வௌவால் மணமும் கலந்த ஒரு குளிர்ச்சி. நான் எங்கே கிடக்கிறேன் என்பதே உடனே பிடிபடவில்லை.

“எழும்பு” என்றார் மூப்பர். “உது ஆற்றை வாங்கு எண்டு தெரியுமே உனக்கு?”

வாங்கு என்றால் பெஞ்சு, ஆற்றை என்றால் யாருடைய. எங்கள் யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் படுத்திருந்தது முன்னாலிருந்து இரண்டாவது வாங்கு. மூப்பருடைய குடும்பம் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து வருகிற வாங்கு.

எழுந்து நின்றேன். சேலையைச் சரிசெய்துகொண்டேன். “மன்னிக்க வேணும் ஐயா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தோளில் தட்டி எழுப்பியிருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். என் பெயர் அவருக்குத் தெரியும். அவருடைய மகள் என்னிடம்தான் மூன்றாம் வகுப்புப் படித்தாள். ஆனால் நான் பனை ஏறிக் கள்ளுச் சீவுகிறவரின் மகள். என்னைத் தொட்டால் அவர் வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டியிருக்கும். அதனால்தான் குடை.

குடையைக்கூட நான் மன்னித்துவிட்டேன். என்னை இன்றுவரை உறுத்துவது நான் சொன்ன அந்த “மன்னிக்க வேணும்.”

ஒரு வாசகருக்கு

போன கிழமை இந்த வாரத்தொடரில் நான் எழுதிய பகுதியைப் படித்துவிட்டு ஓர் அன்பர் கடிதம் போட்டிருக்கிறார். “அம்மா, பழைய புண்களைக் கிளறாதீர்கள். களைத்துப்போன மனங்களுக்கு இளைப்பாறுதல் தரும் உங்கள் விசுவாச அனுபவங்களை எழுதுங்கள்” என்று கேட்டிருக்கிறார்.

அன்பரே, நான் அதைத்தான் எழுதுகிறேன். என் வாழ்க்கையில் கர்த்தர் எனக்கு இளைப்பாறுதல் தந்த இடம் அந்த வாங்கு. தந்த நேரம் ஒரு புதன்கிழமை மத்தியானம். அதிலிருந்து என்னைக் குடையால் குத்தி எழுப்பினார்கள். புண்ணை விட்டுவிட்டு இளைப்பாறுதலை மட்டும் எழுதச் சொன்னால் எனக்கு எழுத வராது.

சபையின் பெயரையும் மூப்பரின் பெயரையும் எழுதப்போவதில்லை. அவருடைய பேத்தி ஒருத்தி இப்போதும் என்னைச் சந்தியில் கண்டால் நின்று கதைப்பாள். நல்ல பிள்ளை. அவளுக்காக இந்த மரியாதை.

மாறாத காய்ச்சல்

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது இருக்கும். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருடம் முந்தி. ஹரியற் பொன்னம்மா என்பது என் முழுப்பெயர். ஹரியற் என்பது எனக்கு ஞானஸ்நானம் நடந்தபோது ஒரு வெள்ளைக்கார அம்மா வைத்தது. எங்கள் ஆட்களில் பயிற்சி முடித்து ஆசிரியையாக வந்த முதல் பெண் நான்தான்.

பண்டத்தரிப்பிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் ஓர் ஒழுங்கையில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடம் இருந்தது. கிடுகால் வேய்ந்த கொட்டகை, அரைச் சுவர், ஐந்து வகுப்பு. ஒரு தலைமை ஆசிரியர், உதவிக்கு நான்.

எங்கள் பிள்ளைகள் அதுவரை நிலத்தில் உட்கார்ந்துதான் படித்தார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் வாங்கில். பிறகு எல்லாப் பிள்ளைகளும் சமமாக இருந்து படிக்கவேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு வந்த மறுநாள் தலைமை ஆசிரியர் காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காய்ச்சல் மாறவேயில்லை.

பாதிப் பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த ஐந்து வகுப்பையும் நான் தனியாக நடத்தினேன். ஒரு மூலையில் அரிவரி எழுத்துகள், ஒரு மூலையில் வாய்ப்பாடு, நடுவில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு. தொண்டை கட்டிப்போய், பின்னேரங்களில் எனக்குக் குரலே வராது.

எங்கள் போதகர்தான் பள்ளிக்கூடத்துக்கும் மனேச்சர். அவரிடம் போய்ச் சொன்னேன்.

“அடுத்த மாதம் இன்னொரு ஆளைப் போடுவம் பிள்ளை. செபம் பண்ணும்” என்றார்.

ஏழு மாதம் போனது. திரும்பவும் போனேன்.

“கர்த்தர் நாங்கள் தாங்கக்கூடிய பாரத்தைத்தான் தருவார்” என்றார்.

நல்ல மனுசன். யாரிடமும் சத்தம் போட்டுக் கதைத்ததில்லை. ஆனால் அந்தப் பாரத்தை என் தலையில் வைத்தது கர்த்தர் என்று அவர் சொல்லிவிட்டார். வைத்தவர்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். கர்த்தரின் பெயர் அதில் இல்லை.

ஒரு குடம் தண்ணீர்

பள்ளிக்கூடத்தில் கிணறு கிடையாது. வேலிக்கு அப்பால் மூப்பர் வீட்டு வளவில் இருந்தது. துலாக் கிணறு, நல்ல தண்ணீர். துலா கிரீச்சிடும் சத்தம் வகுப்புக்குள் கேட்கும்.

எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றைத் தொடக்கூடாது. குடத்தை நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். யாராவது மனம் வைத்து அள்ளி, எட்ட நின்று ஊற்றுவார்கள். நானும் முதல் மாதங்களில் அப்படி நின்றேன். மூப்பரின் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார், தோட்டத்துக்கு இறைக்கச் சொல்வார், உடுப்பு அலம்புவார். நான் நிற்பது கண்ணில் பட்டும் படாததுபோல இருப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஏழாம் வாய்ப்பாடு முடிந்து எட்டாம் வாய்ப்பாடு தொடங்கும். குடம் வெறுமையாகவே இருக்கும்.

ஒருநாள் அவரே சொன்னார். “ரீச்சர் எண்டு சேலையைச் சுத்திக்கொண்டு வந்து நிக்கிறாய். படிச்சவளுக்குத் தண்ணி அள்ளிக் குடுக்க எனக்கென்ன தலையெழுத்தே?”

அதற்குப் பிறகு நான் அந்த வளவுக்குப் போகவில்லை. முக்கால் மைல் நடந்து எங்கள் ஆட்களின் கிணற்றில் அள்ளினேன். விடிய இரண்டு நடை, இரண்டு குடம். அப்படிச் சுமந்து வந்த தண்ணீரையும் சில பிள்ளைகள் குடிக்கமாட்டார்கள். வீட்டில் குடிக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். பங்குனி வெயிலில் நாக்கு வறண்டு, என் முகத்தையும் பானையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு இருக்கும் குழந்தைகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன்.

வீட்டில் அப்பு. பனையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து, கோணலாகப் பொருந்திப்போன என் தகப்பன். அம்மா எனக்குப் பன்னிரண்டு வயதில் போய்விட்டார். அப்புவைத் தூக்கி இருத்துவது, கழுவுவது, கஞ்சி வைப்பது எல்லாம் நான்தான். கட்டிலிலும் கதிரையிலும் அவரால் சாய்ந்து உட்கார முடியும். நிலத்தில் இருக்க முடியாது.

அதனால் அவர் இரண்டு வருடமாகக் கோயிலுக்கு வரவில்லை. கோயிலில் எங்கள் ஆட்களுக்குப் பின் கதவடியில் பாய்தான் விரிப்பார்கள். வாங்குகள் மற்றவர்களுக்கு. பாயில் இருக்க முடியாதவருக்குக் கோயிலில் இடமில்லை என்று ஆயிற்று. அது அநியாயம் என்று அப்போது எனக்கே தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

அப்பு வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களைப் பற்றி “றொட்டிக்காக வந்த ஆக்கள்” என்று அந்த வாங்குகளில் இருந்தவர்களே பேசிக்கொள்வார்கள். அப்புவின் காலில் முள் ஏறிச் சீழ் பிடித்து, காலையே எடுக்கவேண்டிய நிலை. மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து மருந்து கட்டினாராம். “என்ரை காலை மடியிலை வைச்ச சாமி ஆரெண்டு கேட்டுத்தான் நான் போனனான்” என்பார் அப்பு. றொட்டி ஒருவரும் தரவில்லை. சின்னான் என்ற பெயர் ஈசாக்கு என்று மாறியது. ஆனால் மூப்பர் கடைசிவரை அவரை “டேய் சின்னான்” என்றுதான் கூப்பிட்டார்.

குடம் உடைந்த நாள்

அந்தப் புதன்கிழமை காலை இரண்டாவது குடத்தோடு வந்தேன். பள்ளிக்கூட வாசலில் என் வலது கை விறைத்துப்போனது. விரல் இருக்கிறதா என்றே தெரியவில்லை. மண்குடம் நழுவி விழுந்து உடைந்தது.

ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டேன். எழும்ப நினைக்கிறேன், கால் வரவில்லை. அழுகையும் வரவில்லை. பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். ஒரு சின்னப் பெட்டை குந்தி இருந்து ஓடுகளைப் பொறுக்கினாள். அவளைப் பார்த்து, “எல்லாரும் வீட்டை போங்கோ” என்றேன். நான் சொன்னது எனக்கே யாரோ சொல்வது போலக் கேட்டது.

கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து வேலையை விடுவதாக இரண்டு வரி எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தேன். கோயில் வளவுக்குள்தான் அவருடைய வீடு.

போதகர் இல்லை. தெல்லிப்பழைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய மனைவிதான் விறாந்தைக்கு வந்தார். அதிகம் பேசாதவர். சபைக் கூட்டங்களில் பின்னால் இருந்து தைத்துக்கொண்டிருப்பார். அவரும் வாங்கில் இருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்தான்.

கடிதத்தை வாங்கிப் படித்தார். என்னைப் பார்த்தார்.

“சாப்பிட்டியே பிள்ளை?”

“இல்லையம்மா.”

“எப்ப சாப்பிட்டனி?”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

“உள்ளை வா.”

நான் விறாந்தையிலேயே நின்றேன். அந்த வீட்டின் குசினி அடுப்படிக்குள் எங்கள் ஆட்கள் போனது கிடையாது. எங்களுக்குத் தேத்தண்ணி தருவதென்றால் பின் வாசலில் தேங்காய்ச் சிரட்டையில்தான் தருவார்கள். அவர் இன்னொரு தரமும் “வா” என்றார். போனேன். தங்கள் வீட்டுச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே சோறு போட்டு, முருங்கைக்காய்க் குழம்பு விட்டு, பலகையில் இருத்தித் தந்தார். அவருக்கும் அது முதல் தடவை என்று எனக்குத் தெரியும். அவரும் எனக்கு அது தெரியும் என்று தெரிந்துதான் செய்தார்.

சாப்பிடச் சாப்பிட எனக்கு வாய் திறந்தது. “அம்மா, எனக்கு விசுவாசம் இல்லாமல் போச்சு. செபம் பண்ண வாய் வருகுதில்லை. கர்த்தர் என்னைக் கைவிட்டிட்டார் எண்டு நினைக்கிறன்.”

“விசுவாசம் குறையேல்லை பிள்ளை” என்றார். “நித்திரைதான் குறைஞ்சு போச்சு.”

பிறகு இடுப்பில் செருகியிருந்த கோயில் திறப்புச் சாவியை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறந்தார். “வீட்டிலை ஆக்கள் வந்து போவினம், படுக்க விடாயினம். அங்கை யன்னலடியிலை காத்து வரும். அதிலை படு. எழும்பினாப்பிறகு கதைப்பம்.”

அந்த யன்னலடி வாங்குதான் மூப்பருடையது.

என்னாலை ஏலாது

அந்த வெறுமையான கோயிலில் எனக்கு என்ன நடந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தரிசனம் கண்டீர்களா, குரல் கேட்டீர்களா என்று. ஒன்றும் இல்லை. யன்னலுக்கு வெளியே வேப்பம்பூ உதிர்ந்து கிடந்தது. அணில் ஒன்று கத்தியது. நான் பீடத்தைப் பார்த்து, “என்னாலை ஏலாது” என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் என் செபம். அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

படுத்தேன். யாரோ என் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்ததுபோல இருந்தது. “பொறுமையாய் இரு” என்று கர்த்தர் சொல்லவில்லை. “இன்னும் செபம் பண்ணு” என்றும் சொல்லவில்லை. என்னைப் படுக்க விட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் நித்திரையானேன்.

அந்த நித்திரைக்குள்தான் குடை வந்தது.

அப்புவின் கேள்வி

வீட்டுக்கு வந்ததும் அப்புவிடம் நடந்ததைச் சொன்னேன். பொழுதுபடும் நேரம். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார்.

“என்னெண்டு எழுப்பினவர்?”

“குடையாலை.”

அப்பு மாடத்தைக் காட்டி, “வேதத்தை எடுத்து வாசி பிள்ளை” என்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்துக் கேட்பதுதான் அவருடைய கோயில்.

வேதத்தில் ஒரு தீர்க்கதரிசி வருகிறார். அரசியின் கோபத்துக்குத் தப்பி வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழ் விழுந்து, எனக்குப் போதும், என் உயிரை எடுத்துவிடும் என்று கேட்டவர். அப்படிக் கேட்டுவிட்டு நித்திரையாகிறார். ஒரு தேவதூதன் வந்து அவரைத் தட்டி எழுப்புகிறான். தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. அவர் சாப்பிட்டு, குடித்து, திரும்பவும் படுக்கிறார். தூதன் இரண்டாம் தரமும் வந்து தட்டி எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். அந்தப் பலத்தில் அவர் நெடுந்தூரம் நடக்கிறார். பயிற்சிப் பாடசாலையில் அந்தப் பகுதியை நான் பரீட்சைக்குப் படித்தவள். அன்று வாசித்தபோது முதல் தடவை வாசிப்பது போல இருந்தது.

“பொறு” என்றார் அப்பு. “தூதன் தொட்டே எழுப்பினவர்?”

“ஓம் அப்பு. தொட்டு.”

“ரெண்டு தரமும்?”

“ரெண்டு தரமும்.”

“தண்ணியும் அவர்தான் கொண்டந்து வைச்சவர்?”

“ஓம்.”

அப்பு கூரையைப் பார்த்தபடி கிடந்தார். “அப்ப மூப்பர் ஆற்றை ஆள்?” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பல மாதங்களாக எனக்குக் கோபம் வந்ததே இல்லை, களைப்புத்தான் வந்தது. கோபப்படுவதற்கும் உடம்பில் பலம் வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. கர்த்தர் எனக்குத் திருப்பித் தந்த பலத்தில் முதலில் வந்து சேர்ந்தது கோபம்தான். அது அவரிடமிருந்து வந்ததில்லை என்று எவர் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

மறுநாள் விடிய ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். பின்னேரம் போதகர் வீட்டுக்குப் போய், “அம்மா, அந்தக் கடிதத்தைத் தாங்கோ” என்றேன்.

“அதை நேற்றே அடுப்புக்கை வைச்சிட்டன்” என்றார்.

விசாரணை

சனிக்கிழமை சபைக் கொமிற்றி கூடியது. போதகர் வீட்டு விறாந்தையில் ஐந்து கதிரைகள். நான் நிற்கவேண்டும். குற்றம் இரண்டு. ஒன்று, அனுமதியில்லாமல் பள்ளிக்கூடத்தை மூடியது. மற்றது, தேவாலயத்தின் வாங்கில் படுத்து அதை அசுத்தப்படுத்தியது. “அசுத்தம்” என்ற சொல்லைப் போதகரே வாசித்தார். வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார்.

“படுக்கத்தான் வேணுமெண்டால் பின்னுக்குப் பாய் இருக்குத்தானே” என்றார் மூப்பர்.

“பாய் ஞாயிற்றுக்கிழமைதான் ஐயா விரிக்கிறது.”

“வாய் காட்டாதை.”

“கேட்டதுக்குத்தான் சொன்னனான் ஐயா.” கட்டியிருந்த குரல் அன்று வந்தது. “வேதத்திலை ஒரு தீர்க்கதரிசி களைச்சு விழுந்து படுத்தவர். தேவதூதன் அவரைத் தொட்டு எழுப்பினவர், சாப்பாடும் தண்ணியும் குடுத்தவர். நீங்கள் என்னைக் குடையாலை எழுப்பினீங்கள். உங்கடை வளவுக் கிணத்தடியிலை உங்கடை பிள்ளை படிச்ச பள்ளிக்கூடத்துக்கு ஒரு குடம் தண்ணிக்கு நான் மணித்தியாலக் கணக்கிலை நிண்டனான். நான் படுத்ததாலை வாங்கு அசுத்தமெண்டால், என்னட்டைப் படிச்ச உங்கடை பிள்ளையின்ரை எழுத்து என்ன ஐயா?”

குசினிக் கதவு திறந்தது. போதகரின் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து நின்றார்.

“அந்தப் பிள்ளையைப் படுக்கச் சொன்னது நான்” என்றார்.

“அம்மா, இது சபை அலுவல்” என்றார் மூப்பர்.

“கோயில் திறப்பு என்ரை இடுப்பிலை கிடக்கு. நான் திறக்காமல் பிள்ளை எப்பிடி உள்ளை போறது? விசாரிக்கிறதெண்டால் என்னையும் விசாரியுங்கோ.”

போதகர் தன் மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை வார்த்தை ஒரேயடியாகப் பேசிக் கேட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். ஆனாலும் அவர் தலை மூப்பர் பக்கமே திரும்பியது. தீர்மானம் எழுதப்பட்டது. மறுநாள் ஆராதனையில் நான் சபைக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் வேலையை விட்டு நீக்கும்படி மேலிடத்துக்கு எழுதுவார்கள்.

போகும்போது போதகர் படலை வாசல்வரை வந்தார். “ஒரு சொல் சொல்லிப்போட்டு விடும் பிள்ளை. சமாதானமாய்ப் போகும்.”

“சமாதானமெண்டால் ஆர் ஐயா நிலத்திலை இருக்கிறது?” என்று கேட்டேன்.

அவர் படலையைச் சாத்தினார்.

ஞாயிறு

வீட்டுக்கு வந்து அப்புவிடம், “நாளைக்கு நீங்கள் கோயிலுக்கு வாறியளோ?” என்று கேட்டேன்.

“நான் என்னெண்டு பிள்ளை பாயிலை இருக்கிறது?”

“பாயிலை இல்லை அப்பு.”

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். “என்ரை வெள்ளை வேட்டி எங்கை?” என்றார்.

அயலில் இருந்த என் மச்சான் ஒற்றை மாட்டு வண்டில் பூட்டி வந்தான். அவனும் அவன் தம்பியும் அப்புவைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் வந்தார்கள். முதல் பாட்டு முடிந்த நேரம். பின் கதவடியில் எங்கள் ஆட்கள் பாயில் இருந்தார்கள். மச்சான் அங்கே நின்றான்.

“இன்னும் கொஞ்சம் முன்னுக்கு” என்றேன்.

முன் வாங்குக்கு நான் ஆசைப்படவில்லை. கடைசி வாங்கு. தூண் மறைப்பதால் யாரும் இருக்காத வாங்கு. அதில் அப்புவை இருத்தினோம். பக்கத்தில் நானும் இருந்தேன்.

மூப்பர் எழுந்தார். “டேய் சின்னான், இறங்கடா கீழை.”

அப்பு அவரைப் பார்த்துச் சொன்னார். “கீழை இருக்கேலாது ஐயா. இடுப்பு விடுகுதில்லை.” எதிர்த்துப் பேசும் குரலில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மூப்பர் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் முன் நாலு வாங்கும் எழுந்து போனது. செருப்புச் சத்தமும் பட்டுச் சேலைகளின் சரசரப்பும் அடங்கியபோது கோயிலில் மூன்றில் ஒரு பங்குதான் இருந்தது. நான் போதகரைப் பார்த்தேன். அவரும் புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் போகவில்லை. முன் வாங்கில் அவர் மனைவி தனியாக இருந்தார். அவரைப் பார்த்தாரோ, எங்களைப் பார்த்தாரோ தெரியாது. “பொன்னம்மா ரீச்சர் சபைக்கு ஒரு வார்த்தை சொல்ல இருந்தவா” என்றார். அந்தக் கோயிலில் என்னை ரீச்சர் என்று அழைத்தது அதுதான் முதல் தரம்.

எழுந்தேன். “நான் மன்னிப்புக் கேக்க வந்தனான்” என்றேன். “என்ரை அப்பு ரெண்டு வருசமாய்க் கோயிலுக்கு வரேல்லை. அவரை வீட்டிலை விட்டிட்டு நான் மட்டும் வந்து பாயிலை இருந்தனான். அது பிழையெண்டு எனக்குத் தெரியேல்லை. அதுக்குக் கர்த்தரட்டையும் என்ரை தகப்பனட்டையும் மன்னிப்புக் கேக்கிறன். வேறை ஒண்டுக்கும் இல்லை.”

திரும்ப வாங்கில் இருந்தேன். அப்பு என் கையைப் பிடித்துக்கொண்டார். போதகர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து இலக்கம் சொன்னார். முதல் அடியை அவர் மட்டும் பாடினார். இரண்டாவது அடியில் பாயில் இருந்தவர்கள் சேர்ந்தார்கள்.

கேட்கப்படாதது

என்னை வேலையிலிருந்து நீக்க எழுதினார்கள். போதகர் அதில் கையெழுத்து வைக்கவில்லை. வெளியேறியவர்கள் சில மாதம் மூப்பர் வீட்டில் தனியாகச் செபக் கூட்டம் நடத்தினார்கள். மார்கழியில் கிறிஸ்து பிறந்த நத்தார் நாள் நெருங்க ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பி வந்தார்கள். கடைசி வாங்கு எங்களுடையதாயிற்று. பிறகு அதற்கு முந்தியது. பாயை எப்போது விரிக்காமல் விட்டார்கள் என்று எனக்கே ஞாபகமில்லை. பள்ளிக்கூட வளவில் எங்கள் ஆட்களே கல்லுடைத்துக் கிணறு வெட்டினார்கள். தண்ணீர் கொஞ்சம் உவர். எல்லாப் பிள்ளைகளும் குடித்தார்கள்.

ஆனால் ஒருவர்கூட வந்து, “நாங்கள் செய்தது பிழை” என்று சொன்னதில்லை. என்னிடம் சொல்லாவிட்டாலும் போகட்டும். இரண்டு வருடம் கட்டிலில் கிடந்து கோயில் மணியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரிடமாவது சொல்லியிருக்கவேண்டும். அவர் அந்தச் சொல்லைக் காதால் கேட்காமலேயே போய்ச் சேர்ந்தார். பழையதைக் கிளறாதே என்று எனக்கு எழுதுகிறவர்கள் முதலில் அதைப் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டிலில் திரும்பி வந்தோம். வைக்கோலில் அப்பு கால் நீட்டிக் கிடந்தார். வெயில் அவர் முகத்தில் விழாமல் என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தேன்.

“பிரசங்கம் எப்பிடி அப்பு?” என்று கேட்டேன்.

“பிரசங்கம் ஒண்டும் கேக்கேல்லை பிள்ளை” என்றார். “வாங்கிலை சாஞ்சுகொண்டு இருந்தனான்.”